வாரண்ட் இருக்கிறதா என்று எங்கே போய்க் கேட்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் 31 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் நீதிமன்றங்களில் வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு அலைந்த காலத்தில் என்னிடம் அபூர்வமாகவே கேட்கப்பட்ட ஒரு கேள்வியை, வீட்டில் உட்கார்ந்துவிட்ட இப்போது, காய்கறி வாங்கப் போகும் இடத்தில்கூடக் கேட்கிறார்கள். “சார், என் பேர்ல எங்கியாச்சும் வாரண்ட் இருக்கான்னு பாக்க முடியுமா?” கேட்பவர்கள் யாரும் தலைமறைவுக் குற்றவாளிகள் அல்லர். நண்பருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், சீட்டுப் பணத்துக்குக் காசோலை கொடுத்துவிட்டு வீடு மாறியவர், பத்தாண்டுகளுக்கு முன் நடந்த ஒரு தெருச்சண்டை வழக்கு முடிந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பவர் போன்றோர்தான். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதோ மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போதோ அவர்களுக்கு இந்தப் பயம் வந்துவிடுகிறது. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் தங்கள் நாளிதழ் வழியாகவே எழுதலாம் என்று துணிந்தேன்.

முதலில் நேரான பதில். நீதிமன்றங்கள் பிறப்பித்து நிலுவையில் இருக்கும் பிடியாணைகள் அனைத்தையும் பெயரைத் தட்டினால் எடுத்துக்காட்டும் பொதுப் பதிவேடு ஒன்றை நம் ஊரில் நான் கண்டதில்லை. அமெரிக்காவில் பல இடங்களில் ஷெரீஃப் அலுவலகமே இப்படிப்பட்ட பெயர்ப்பட்டியலை இணையத்தில் போட்டு வைக்கிறது. அங்கே இருக்கும் உறவினர்கள் அதைப் பார்த்துவிட்டு நம்மிடமும் அதுபோல எதிர்பார்க்கிறார்கள். குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரின் பெயரை ஊரறியத் தண்டோரா போடும் அந்த வழக்கம் இங்கே வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தன்மேல் வாரண்ட் உண்டா என்று தானே தெரிந்துகொள்ள ஒருவருக்கு வழி இல்லாமல் இருப்பது வேறு விஷயம். அந்த வழி இப்போது பாதி திறந்தும் பாதி மூடியும் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எல்லாக் கைதுக்கும் வாரண்ட் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். கொலை, திருட்டு போன்ற குற்றங்களில் சட்டம் வகுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு வாரண்ட் இல்லாமலே காவல்துறை கைது செய்யலாம். அத்தகைய வழக்கில் தேட வேண்டியது முதல் தகவல் அறிக்கையை. எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். நகலையும் சி.எஸ்.ஆர். (புகார் மனு ரசீது) நிலையையும் பார்க்கலாம். கைதானவர்களைப் பொறுத்தவரை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-ஆவது பிரிவு, அவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும், மின்னணு முறை உட்பட ஏதேனும் ஒரு வகையில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்கிறது. அதற்கென அசிஸ்டென்ட் சப்-இன்ஸ்பெக்டர் (ஏ.எஸ்.ஐ.) நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி பொறுப்பாக இருக்க வேண்டும். ஆகவே, மகனை அழைத்துப் போய்விட்டார்கள், எங்கே என்று தெரியவில்லை என்று தவிக்கும் தாய், கைதுத் தகவலுக்குப் பொறுப்பானவர் யார் என்று நிலையத்தில் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

நீதிமன்றப் பிடியாணைக்கு வருவோம். இன்று பொதுமக்கள் கையில் இருக்கும் ஒரே உருப்படியான கருவி இ-கோர்ட்ஸ் இணையதளமும் அதன் கைபேசிச் செயலியும்தான். ஒவ்வொரு வழக்குக்கும் தனி அடையாளமாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்கச் சி.என்.ஆர். எண் தெரிந்தால் அதைக் கொண்டு நேரே வழக்கைத் திறந்துவிடலாம். அது தெரியாதவர்கள் வழக்கு எண், எஃப்.ஐ.ஆர். எண்ணும் காவல் நிலையமும், வழக்கறிஞர் பெயர், கட்சிக்காரர் (வழக்கின் ஒரு தரப்பினர்) பெயர் என்று பல வகையில் தேடலாம். தன்மேல் வழக்கு இருப்பதே தெரியாதவருக்குக் கடைசி வழி ஒன்றுதான் உதவும். அதில்தான் எல்லாச் சிக்கலும்.

நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஒரே முறை கிடையாது. ழகரத்தை ஒரு எழுத்தர் ‘இசட் எச்’ என்று அடிப்பார். இன்னொருவர் ‘எல்’ என்று அடிப்பார். தகப்பனார் பெயரின் முதலெழுத்து சில வழக்குகளில் முன்னால் நிற்கும், சிலவற்றில் பின்னால் போய்விடும், சிலவற்றில் காணாமலே போகும். ‘தங்கவேல்’, ‘தங்கவேலு’ இரண்டும் நமக்கு ஒரே ஆள்; கணினிக்கு இரண்டு பேர். ஆகவே முழுப் பெயரையும் அடிக்காமல் முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் அடித்து, ஆண்டை ஒவ்வொன்றாக மாற்றி, நிலுவை, முடிந்தவை இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன். வரும் பட்டியல் நீளமாக இருக்கும். பொறுமையாக எதிர்க்கட்சிக்காரரின் பெயரைப் பார்த்துக்கொண்டே போனால், கடன் கொடுத்தவர் பெயரோ காவல் நிலையத்தின் பெயரோ கண்ணில் பட்டுவிடும்.

எந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது அடுத்த சிக்கல். நாம் எல்லாரும் சென்னைவாசிகள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் தாம்பரம் நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளும், பூந்தமல்லி நீதிமன்ற வழக்கு திருவள்ளூருக்குள்ளும் கிடக்கும். காவல்துறையும் 2022-இலிருந்து சென்னை, தாம்பரம், ஆவடி என மூன்று ஆணையரகங்களாகப் பிரிந்துவிட்டது. சென்னை என்று போட்டுத் தேடி, ஒன்றும் வரவில்லை என்று நிம்மதியாகத் தூங்கப் போனவர்களை நான் அறிவேன். சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் நான்கையும் பார்த்த பிறகு தூங்குவது நல்லது.

வழக்கு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதில் ‘வாரண்ட் உள்ளது’ என்று சிவப்பு எழுத்தில் எங்கும் போட்டிருக்காது. வழக்கின் நிலை என்ற இடத்தில் சில நேரம் ‘என்.பி.டபிள்யூ.’ (ஜாமீனில் விட முடியாத வாரண்ட்) என்ற மூன்றெழுத்து இருக்கும், சில நேரம் இருக்காது. அப்போது கீழே விசாரணைத் தேதிகளின் வரிசையில் ஒவ்வொரு தேதியையும் தொட்டுத் திறந்து, அன்றைய நடவடிக்கைக் குறிப்பைப் படிக்க வேண்டும். எதிரியை (குற்றம் சாட்டப்பட்டவரை) அழைத்தும் ஆஜராகவில்லை, மனுவும் இல்லை, பிடியாணை பிறப்பிக்கப்படுகிறது என்ற பொருளில் ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கெழுத்தில், அரை வரி இருக்கும். நீதிமன்றத்தில் டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, யாரும் வராமல், வழக்கறிஞர் தரப்பில் வராமைக்கான மனுவும் இல்லாமல் போன அந்த ஒரு நிமிடத்தின் மிச்சம் அந்த அரை வரி. (அந்த மனுவை நாங்கள் ‘317’ என்போம். புதுச் சட்டத்தில் 355 ஆகிவிட்டது. ஆனாலும் நீதிமன்ற வராந்தாவில் இன்றும் 317தான்.) ஆங்கிலமும் தெரிந்து, நீதிமன்றச் சுருக்கெழுத்தும் தெரிந்தவருக்கு மட்டும் புரியும் தகவலை, மக்களுக்காக வெளியிட்ட தகவல் என்று எப்படிச் சொல்வது?

எதிரி பல ஆண்டுகளாகக் கிடைக்காத வழக்கை ‘எல்.பி.சி.’, அதாவது நீண்டகால நிலுவை என்று தனிப் பதிவேட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு அடுத்த வாய்தா தேதியைத் தேடிப் பயனில்லை. வழக்கு செத்துப்போனது போலத் தோன்றும். வாரண்ட் மட்டும் உயிரோடு இருக்கும். ஏனென்றால் ஒரு பிடியாணை, அதைப் பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரையிலோ அது நிறைவேற்றப்படும் வரையிலோ செல்லும் என்பதே சட்டம். பழைய சட்டத்தில் 70(2), புதியதில் 72(2). பத்து வருஷம் ஆகிவிட்டதே, காலாவதி ஆகியிருக்குமே என்று கேட்பவர்களுக்கு என் பதில், பிடியாணை பால் பாக்கெட் அல்ல என்பதுதான்.

இணையத்தில் தெளிவு கிடைக்காதவர்கள் நீதிமன்ற வளாகத்தில் உள்ள இ-சேவை மையத்துக்கோ, அந்தந்த நீதிமன்றத்தின் பெஞ்ச் கிளார்க்கிடமோ போகலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. ‘ஜாமீனில் விட முடியாத’ வாரண்ட் என்ற பெயரைக் கேட்டுப் பயந்து ஓடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிடித்த காவலர் தாமே ஜாமீனில் விட முடியாது என்பதே அதன் பொருள். நாமே நீதிமன்றத்தில் ஆஜராகி, வர முடியாமற்போன காரணத்தைச் சொல்லி, பிடியாணையைத் திரும்பப் பெறும் மனு போட்டால், பெரும்பாலான சிறு வழக்குகளில் எச்சரித்து ரத்து செய்துவிடுவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். முதலில் சம்மன், அதற்கும் வராவிட்டால் ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட், அதன் பிறகே மற்றது என்ற படிவரிசையைப் பொதுவாகப் பின்பற்ற வேண்டும் என்று இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் 2007-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இனி, என்னை இந்தக் கடிதம் எழுத வைத்த விஷயம். எங்கள் தெருவில் பெயின்டிங் ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். பெயின்ட் கடைப் பாக்கிக்குக் கொடுத்த காசோலை திரும்பி, அதன்மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். சம்மன் பழைய முகவரிக்குப் போய், ‘முகவரி மாறிச் சென்றார்’ என்ற குறிப்போடு திரும்பியிருக்கிறது. ஒரு நாள் பழைய வீட்டுக்காரர் போன் செய்து, “உன்னத் தேடி போலீஸ் வந்துட்டுப் போச்சுப்பா” என்று சொன்ன பிறகுதான் இவருக்கே தெரியும். அவர் பெயரில் ஒரு ழகரம் உண்டு. நான்காவது விதமாக எழுத்துக்கூட்டிப் பார்த்தபோது வழக்கு அகப்பட்டது. மறுவாரமே ஆஜராகி, மனுப்போட்டு, பிடியாணை ரத்தானது. உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு மனுப்போட வைத்து, அது வந்ததும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டிப் பெட்டியிலேயே வைத்திரு என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு இரண்டு காவலர்கள் அதே வாரண்டோடு வந்து நின்றார்கள். வெள்ளி இரவு பிடித்தால் திங்கள் வரை வழக்கமான நீதிமன்றம் கிடையாது, விடுமுறை கால நீதித்துறை நடுவரைத்தான் தேட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். நகலைக் காட்டியும், “எங்களுக்குத் தகவல் வரலியே சார்” என்றார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கையில் கொடுத்த காகிதத்தை நிறைவேற்ற வந்தவர்கள். நானும் உடன் போனேன். நிலைய ரைட்டர் நீளமான வாரண்ட் பதிவேட்டை எடுத்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். வரிசை எண் இருந்தது, வழக்கு எண் இருந்தது, ரத்து என்று எழுத வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. நீதிமன்றத்திலிருந்து கிளம்பிய ரீகால் மெமோ (வாரண்டைத் திரும்பப் பெறும் குறிப்பு) வழியில் ஏதோ ஒரு மேஜையில் தங்கிவிட்டது. அந்த நகல் இருந்ததால் இரவு ஒரு மணிக்கு அனுப்பி வைத்தார்கள். அது இல்லாதவர் என்ன செய்திருப்பார்?

இது புதிய கதையும் அல்ல. மும்பையில் ஒரு வழக்கறிஞருக்கு எதிரான வாரண்ட், 2002 ஆகஸ்டில் ரத்தான பிறகும் அதைக் காட்டி அவரைக் கைது செய்தார்கள்; அதுவும் சுதந்திர தினத்தன்று. அந்த வழக்கில் 2011-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வாரண்ட் படிவங்கள் அச்சிட்டு எண்ணிடப்பட்டிருக்க வேண்டும், நீதிமன்றத்தில் ஒரு பதிவேடும் காவல் நிலையத்தில் அதுபோன்ற இன்னொரு பதிவேடும் இருக்க வேண்டும், ரத்து செய்தால் அந்த உத்தரவைப் பதிவேட்டில் ஏற்றி, வாரண்டை நிறைவேற்றாமல் உடனே திருப்பி அனுப்பும்படி காவல்துறைக்கு எழுத வேண்டும், எதிரிக்கும் ஒரு நகல் தர வேண்டும் என்று வரிசையாக விதித்திருக்கிறது. பதிவேடு இருக்கிறது; நானே பார்த்தேன். இரண்டு பதிவேடுகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை, அவ்வளவே.

இதன் மறுபக்கம் இன்னும் மோசமானது. உண்மையான வாரண்டைச் சரிபார்க்க வழியில்லாத ஊரில் பொய்யான வாரண்டுக்கு நல்ல விலை. ‘டிஜிட்டல் கைது’ என்று சொல்லி, காக்கிச் சட்டையில் வீடியோ அழைப்பில் வந்து, அரசு முத்திரை போட்ட பிடியாணையை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஓய்வூதியக்காரர்களின் சேமிப்பைத் துடைத்து எடுக்கிறார்கள். அப்படியொரு கைது சட்டத்தில் இல்லை என்று பிரதமரே 2024 அக்டோபரில் வானொலி உரையில் சொல்ல வேண்டி வந்தது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும் என்பது இப்போது பலருக்குத் தெரியும். ஆனால் பணம் போவதற்கு முன், கையில் இருக்கும் காகிதம் மெய்யா பொய்யா என்று பார்க்க அவர்கள் எங்கே போவார்கள்? புதிய சட்டத்தின் 530-ஆவது பிரிவு சம்மனையும் வாரண்டையும் மின்னணு முறையிலேயே பிறப்பிக்கவும் இடம் தருவதால், ‘கைபேசியில் வந்தால் எல்லாம் பொய்’ என்று ஒரே அடியாகச் சொல்லிவிடவும் முடியாது. என்னிடம் கேட்பவர்களுக்கு, அதில் உள்ள நீதிமன்றத்தின் பெயரையும் வழக்கு எண்ணையும் இ-கோர்ட்ஸில் போட்டுப் பாருங்கள், வழக்கே வராவிட்டால் போனை வைத்துவிடுங்கள், வாரண்டை ரத்து செய்யக் காசு கேட்கும் அதிகாரி என்று ஒருவர் இந்த நாட்டில் கிடையாது என்று சொல்கிறேன்.

தங்கள் நாளிதழ் வாயிலாக உயர் நீதிமன்றத்துக்கும் காவல்துறைக்கும் என் விண்ணப்பம் சிறியது. இ-கோர்ட்ஸில் ஒவ்வொரு குற்ற வழக்கின் பக்கத்திலும், பிடியாணை பிறப்பித்த தேதி, அது எந்தக் காவல் நிலையத்துக்குப் போயிற்று, ரத்தாயிற்றா, ரத்தான தேதி என்ன என்ற நான்கு விவரங்கள் தமிழில் இருக்கட்டும். அதே பதிவு நிலைய ரைட்டரின் கணினியிலும் திறக்கட்டும்; ரீகால் மெமோவைச் சுமந்துகொண்டு யாரும் ஓட வேண்டியிராது. பெயரை வைத்துத் தேடும் வசதியை ஊருக்கெல்லாம் திறந்துவிடத் தயக்கம் இருந்தால், ஆதார் அட்டையோடு இ-சேவை மையத்துக்கு நேரில் வருபவருக்கு, அவர் பெயரில் உள்ளதை மட்டும் எடுத்துச் சொல்லலாம். வாரண்ட் விவரம் தெரிந்தால் எதிரி ஓடிவிடுவான் என்று காவல்துறை நண்பர்கள் ஆட்சேபிப்பார்கள். புலன்விசாரணைக் கட்டத்தில் உள்ளவற்றுக்கும் சோதனை வாரண்டுகளுக்கும் அந்த ஆட்சேபம் நியாயம், அவற்றை விட்டுவிடலாம். மற்றவை ஏற்கெனவே அந்த ஆங்கில அரை வரியில் வெளியே கிடப்பவைதாம். ஓட நினைப்பவனுக்கு அதைப் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. வந்து நிற்க நினைப்பவனுக்குத்தான் யாரும் இல்லை.

எங்கள் தெரு இளைஞரின் காசோலை வழக்கு அதற்குப் பிறகு லோக் அதாலத்தில் சமரசமாகி முடிந்துவிட்டது. உறையைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று போன வாரம் என்னிடம் கேட்டார். அந்தப் பதிவேட்டின் கட்டத்தை நிரப்பினார்களா என்று கேட்டு வந்து சொல், அப்புறம் பார்க்கலாம் என்றேன். அவர் இன்னும் போகவில்லை. உறை வண்டிப் பெட்டியில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா,
அயனாவரம், சென்னை - 23.